சமூக ஊடகம் தேர்தல் முடிவை மாற்றுகிறதா?

#1 குறுக்குக்கேள்வி

ருமேனியாவை வைத்துத் தொடங்குகிறேன். 2024 நவம்பர் 24 அன்று அங்கே அதிபர் தேர்தலின் முதல் சுற்று. கருத்துக்கணிப்புகள் ஒரு பொருட்டாகவே மதிக்காத தீவிர வலதுசாரி காலின் ஜார்ஜெஸ்கு ஏறக்குறைய 23 சதவீத வாக்குகளுடன் முதலிடத்துக்கு வந்துவிட்டார். கட்சி பலம் கிடையாது. பிரசாரச் செலவு பூஜ்யம் என்று கணக்குக் கொடுத்திருந்தார். மனிதர் புழங்கியதெல்லாம் டிக்டாக்கில்தான். கடைசி இரண்டு வாரங்களில் சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் திடீரென்று உயிர்பெற்று அவருக்காக வேலை செய்தன என்று உளவுத்துறை ஆவணங்கள் வெளியாயின. டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் மொத்தத் தேர்தலையும் ரத்து செய்தது. அதற்குள் வெளிநாட்டில் இருந்த ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கியிருந்தார்கள்!

2025 மே மாதம் மறுதேர்தல் நடந்தது. ஜார்ஜெஸ்குவுக்குப் போட்டியிட அனுமதி இல்லை. ஆனால் அதே பக்கம் நிற்கும் ஜார்ஜ் சிமியோன் முதல் சுற்றில் சுமார் 41 சதவீதம் வாங்கினார். இரண்டாம் சுற்றில் நிகுஷோர் டான் அவரைத் தோற்கடித்தார்.

என் கேள்வி: அந்த 23 சதவீதம் டிக்டாக் உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்த கோபத்துக்கு டிக்டாக் ஒரு முகவரி கொடுத்ததா? அப்புறம், தேர்தலை ரத்து செய்வதெல்லாம் ஒரு மருந்தா?

#2 அரைக்கிணறு

இதில் சந்தேகம் என்ன இருக்கிறது? ஃபேஸ்புக் தகவலை வைத்துத் தேர்தல் வேலை பார்த்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் கதை மறந்துவிட்டதா? நம் மனதில் இருப்பது நமக்கே தெரியாதபோது அவர்களுக்குத் தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் வாக்கு விழுகிறது. ஜனநாயகம் முடிந்துபோன கதை சார்.

#3 எண்ணாயிரம்

அரைக்கிணறு, கொஞ்சம் நிதானம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவில் நடந்த தகவல் திருட்டு உண்மை. சுமார் 2,70,000 பேர் ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை நிறுவினார்கள், அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரை தகவல் வெளியே போனது. 2018 மார்ச்சில் விஷயம் வெடித்தது, 2019இல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் "மனதைப் படித்து வாக்கை மாற்றுவோம்" என்பது அந்த நிறுவனம் தன் சரக்கை விற்கச் சொன்ன வசனம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்துவிட்டு 2020இல் சொன்னது, அவர்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும் சாதாரண முறைகள்தான் என்று. வாங்கியவன் ஏமாந்ததை நாம் இன்னும் வரலாறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடும் அப்படித்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் போலிக் கணக்குகளை நடத்திய 'இணைய ஆராய்ச்சி முகமை' என்ற நிறுவனத்தின் பதிவுகள் 12.6 கோடிப் பேர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. கேட்டால் தலை சுற்றும். ட்விட்டர் பக்கத்தை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள்: அந்தப் பதிவுகளைப் பார்த்ததில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனாளர்களிடம் குவிந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பே குடியரசுக் கட்சியின் தீவிர ஆதரவாளர்கள். பார்த்ததால் கருத்தோ வாக்கோ மாறியதாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையிலேயே வாக்கை அசைத்ததாக அளந்து காட்டப்பட்ட ஒன்று வேறு. 2010 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக் 6 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு "நான் வாக்களித்தேன்" என்ற பொத்தானை, வாக்களித்த நண்பர்களின் படங்களோடு காட்டியது. அதனால் சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாக விழுந்தன என்று 2012இல் நேச்சரில் கட்டுரை வந்தது.

#4 செந்தூரி

அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பொத்தானை எந்தத் தொகுதிக்குக் காட்டுவது, எதற்குக் காட்டாமல் விடுவது என்று முடிவு செய்பவர் யார்? தேர்தல் ஆணையமா?

#5 எண்ணாயிரம்

நியாயமான கேள்வி. ஒரு நிறுவனத்தில் நாலு பேர். அவ்வளவுதான்.

#6 மாடிப்படி

நான் ஒரு தேர்தலில் இணைய விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த நாடு, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் யாரும் எதிர்க்கட்சி ஆளை மாற்ற உட்கார்ந்து மெனக்கெடுவதில்லை. அதற்குச் செலவு அதிகம், பலன் குறைவு. நாங்கள் செய்தது இதுதான்: கட்சியிடம் இருக்கும் ஆதரவாளர்களின் தொலைபேசி எண் பட்டியலைத் தளத்தில் ஏற்றுவோம். "இவர்களைப் போலவே இருப்பவர்களைத் தேடிக் கொடு" என்று கேட்டால் அது தேடிக் கொடுத்துவிடும். அப்புறம் ஒரே விளம்பரத்தைப் படம் மாற்றி, முதல் வரி மாற்றி, நீளம் மாற்றி ஓட்டுவோம். காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எது எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். ஓய்வூதியத் திட்டத்தை விளக்கும் காணொளி படுத்துவிடும். வேட்பாளர் தானே நின்று, நிதானமாக, எண்களோடு பேசியது! எதிராளி மேடையில் தடுமாறிய சில விநாடித் துண்டு மட்டும் பறக்கும். சாயங்காலக் கூட்டத்தில் வேட்பாளர் கையில் அந்தக் கணக்கைக் கொடுப்போம். அடுத்த நாள் மேடையில் அவர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்.

வாக்காளர் மாறினாரா என்று எனக்குத் தெரியாது. வேட்பாளர் மாறினார், அதை என் கண்ணால் பார்த்தேன். இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் வாக்காளரையே அளந்துகொண்டிருக்கின்றன. அளக்க வேண்டியது கட்சிகளை.

#7 குறுக்குக்கேள்வி

மாடிப்படி சொல்வதற்கு ஆவணமே இருக்கிறது. 2021இல் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக் உள்கோப்புகளில், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரலில் 2018இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கட்சிகள் வந்து முறையிட்ட செய்தி இருக்கிறது. போலந்தில் ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழு, முன்பு நல்லதும் கெட்டதும் பாதிப்பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தோம், இப்போது 80 சதவீதம் எதிர்மறையாகப் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. 2017இல் கோபக் குறிக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கினார்கள்.

#8 அரைக்கிணறு

இதைத்தானே நானும் சொன்னேன்!

#9 எண்ணாயிரம்

நீங்கள் சொன்னது வாக்காளர் பொம்மை என்று. இவர்கள் சொல்வது கட்சிகள் பொம்மையாகின்றன என்று. இரண்டும் ஒன்றா?

நிரலை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனாளர்களில் ஒரு பகுதியினருக்கு நிரலை எடுத்துவிட்டு, பதிவுகளை நேர வரிசைப்படி காட்டினார்கள். மூன்று மாதம். முடிவுகள் 2023 ஜூலையில் வந்தன. தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. அரசியல் பகைமை இம்மியும் குறையவில்லை. அதற்கு முன் 2018இல் நாலு வாரம் ஃபேஸ்புக்கை அணைத்து வைக்கச் சொல்லி நடத்திய ஆய்வில் கருத்துப் பிளவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் சேர்ந்தே குறைந்தது. எதை எடுத்தாலும் ஒரு விலை இருக்கிறது.

#10 செந்தூரி

ஆய்வு, ஆய்வு என்று நீங்கள் காட்டுவதெல்லாம் அமெரிக்கா. அங்கே ஒருவர் பொய்யைப் படித்தால் பக்கத்திலேயே பத்துப் பத்திரிகை இருக்கிறது. வாக்கு எண்ணிக்கை பற்றிய பொய்யை ஒளிபரப்பியதற்காக ஒரு தொலைக்காட்சி நிறுவனம் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளும் அளவுக்கு நீதிமன்றம் இருக்கிறது. (ஃபாக்ஸ் நியூஸ் மீது வாக்கு இயந்திர நிறுவனம் டொமினியன் போட்ட வழக்கு, 2023 ஏப்ரல். அந்தப் பொய்யைப் பெரிதாக்கியது தொலைக்காட்சியும்தான் என்பதை இந்த இழையில் யாரும் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே லட்சக்கணக்கானவர்களுக்கு ஃபேஸ்புக் இலவசம், மற்ற இணையம் காசு. அதாவது ஒரு செய்தியின் தலைப்பு ஃபேஸ்புக்கில் தெரியும், உள்ளே போய்ப் படித்தால் டேட்டா போய்விடும். தலைப்போடு நின்றுவிடுவார்கள். பொய் சொல்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2016 அதிபர் தேர்தலில் துதெர்தே வென்ற பிறகு, பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவின் ராப்ளர் செய்தித் தளம் கணக்கெடுத்துப் போட்டது: 26 போலிக் கணக்குகள் 30 லட்சம் பேரை எட்ட முடிந்தது. அந்த அம்மாவுக்கு 2021இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே தன் நாட்டில் வழக்கு மேல் வழக்கு வாங்கிக்கொண்டிருந்தார். 2022இல் பழைய சர்வாதிகாரி மார்கோஸின் மகன் அதிபரானார். அப்பாவின் ராணுவச் சட்டக் காலம் பொற்காலமாக இருந்தது என்று யூடியூபிலும் டிக்டாக்கிலும் வருடக்கணக்கில் காணொளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் பிறக்காதவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? மூன்று மாத ஆய்வில் இதெல்லாம் அகப்படாது.

மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்ப ஃபேஸ்புக் கருவியானது என்று ஐ.நா. விசாரணைக் குழு 2018இல் சொன்னதை நினைவுபடுத்தவே வேண்டாம். அங்கே ஃபேஸ்புக்தான் இணையம்.

#11 ஒத்தையடி

எல்லோரும் கெட்டதையே எழுதுகிறீர்கள். துனிசியா? எகிப்து? போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீத் பெயரில் தொடங்கிய ஒரு ஃபேஸ்புக் பக்கம்தான் எகிப்தில் 2011 ஜனவரி 25 போராட்டத்துக்கு ஆள் சேர்த்தது. 28ஆம் தேதி முபாரக் அரசு இணையத்தையே பிடுங்கியது. கூட்டம் குறைந்ததா? வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள், கூட்டம் கூடிப்போனது.

சமூக ஊடகத்தைக் கண்டு நடுங்குபவர்கள் யார் என்று பாருங்கள். உகாண்டாவில் 2021 ஜனவரித் தேர்தலுக்கு முன்பு முதலில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள், வாக்குப்பதிவுக்கு முதல் நாள் மொத்த இணையத்தையும் அணைத்தார்கள். நைஜீரியாவில் அதிபர் புகாரியின் ட்வீட்டை ட்விட்டர் நீக்கியது, அரசு ட்விட்டரையே ஏழு மாதம் தடை செய்தது. நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று 26 தளங்களை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவில். 9ஆம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா. அடுத்த பிரதமர் யார் என்று டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் விவாதித்து, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி பெயரை முன்வைத்தார்கள், 12ஆம் தேதி அவர் பதவியேற்றார். இது ஜனநாயகம் இல்லையா?

#12 எண்ணாயிரம்

ஒத்தையடி தோழர், அந்த டிஸ்கார்ட் குழுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கருத்துக்கணிப்பில் வாக்குப் போட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். யார் அவர்கள்? நேபாளிகளா, வயது என்ன, ஒருவரே எத்தனை கணக்கில் போட்டார்? வாக்காளர் பட்டியல் இல்லாமல் நடந்த தேர்வு அது. நல்ல பெயர் வந்தது, சரி. வேறு பெயர் வந்திருந்தால்?

தவிர, அந்த நாலைந்து நாளில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை ஒரே வரியில் தாண்டிப் போவது சரியாகப் படவில்லை.

#13 நெறியாளர்

இடையில் நீக்கிய நாலு பதிவுகளும் உள்ளூர்க் கட்சிச் சண்டை. இழை உலகத் தேர்தல்களைப் பற்றியது. அந்தச் சண்டைக்கு வேறு பிரிவு இருக்கிறது.

#14 நடுக்கடல்

தடை சரியில்லை, விட்டுவிடவும் முடியாது என்றால் சட்டம்தான் வழி என்பார்கள். அதிலும் கை வைத்தால் சுடும். 2017இல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவுகளை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும், தவறினால் பெரும் அபராதம். நல்ல எண்ணம்தான். அதைக் கண்ட வேறு சில அரசுகள் அதே அச்சில் தங்களுக்கு வசதியான சட்டங்களைப் போட்டுக்கொண்டன. சிங்கப்பூரில் 2019 முதல் ஓர் அமைச்சரே "இது பொய்" என்று முத்திரை குத்தித் திருத்தம் போட வைக்கலாம். முதல் முத்திரை யார் பதிவில் விழுந்தது தெரியுமா? ஓர் எதிர்க்கட்சிக்காரரின் ஃபேஸ்புக் பதிவில்.

பிரேசில் வேறு பாதையில் போனது. 2021இல் அங்கே உயர் தேர்தல் நீதிமன்றம் ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினரின் பதவியைப் பறித்தது. காரணம், 2018 வாக்குப்பதிவு நாளன்று மின்னணு இயந்திரங்களில் மோசடி என்று அவர் ஃபேஸ்புக் நேரலையில் பேசியது. 2023இல் முன்னாள் அதிபர் பொல்சொனாரோவுக்கே எட்டு ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை. 2024 ஆகஸ்ட் இறுதியில் நாடு முழுக்க எக்ஸ் தளத்தை முடக்கினார்கள், அக்டோபரில் அபராதத்தைக் கட்டிவிட்டு அது திரும்பி வந்தது. பலனும் இருந்தது. ஆனால் ஒரே நீதிபதி கையில் இவ்வளவு அதிகாரம் குவிந்தது பற்றி அங்கேயே கடும் விவாதம். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரோ.

#15 மாடிப்படி

சட்டம் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம், அமைதிக் காலம். பல நாடுகளில் வாக்குப்பதிவுக்கு முன் ஒன்றிரண்டு நாள் பிரசாரம் கூடாது. பிரான்சில் 2017 மே 5, வெள்ளிக்கிழமை இரவு. அமைதிக் காலம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது அதிபர் வேட்பாளர் மாக்ரோன் தரப்பிடமிருந்து திருடிய மின்னஞ்சல்களை இணையத்தில் கொட்டினார்கள். தேர்தல் மேற்பார்வை ஆணையம் ஊடகங்களிடம் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, பெரிய ஊடகங்கள் கேட்டன. ஞாயிற்றுக்கிழமை அவர் 66 சதவீதத்தோடு ஜெயித்தார். விதி அவரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

2023 செப்டம்பர், ஸ்லோவாக்கியா. அதே மாதிரி 48 மணி நேர அமைதி. அந்த நேரம் பார்த்து முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சியின் மிஹால் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளரோடு வாக்குகளை வாங்குவது பற்றிப் பேசுவதுபோல ஒரு போலி ஒலிப்பதிவு பரவுகிறது. (பியர் விலையை ஏற்றப்போகிறார் என்றும் ஒன்று வந்தது. எது அதிகம் வலித்திருக்கும் என்று தெரியவில்லை.) மறுத்துப் பேசத் தொலைக்காட்சி இல்லை, மேடை இல்லை. பொய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் போட்ட விதி, கைபேசி வந்த பிறகு பாதிக்கப்பட்டவரின் வாயைத்தான் கட்டுகிறது.

அவர் தோற்றது அதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். வென்ற ஃபிட்சோவின் கட்சி ஐந்து சதவீதப் புள்ளி முன்னால் இருந்தது.

#16 அரைக்கிணறு

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. இனி எதையும் நம்ப முடியாது.

#17 செந்தூரி

வந்துவிட்டது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. 2024ஐப் பாருங்கள். சிறையில் இருந்த இம்ரான் கானின் குரலை அவருடைய கட்சியே ஏஐ கொண்டு உண்டாக்கி வெற்றி உரை வெளியிட்டது. இந்தோனேசியாவில் 2008இலேயே இறந்துபோன சுஹார்த்தோவை கோல்கர் கட்சிக்காரர் ஒருவர் காணொளியில் எழுப்பி ஓட்டுக் கேட்க வைத்தார். தமிழ்நாட்டில் கலைஞர் ஒரு புத்தக வெளியீட்டில் வாழ்த்திப் பேசினார். இதெல்லாம் யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. ஏமாற்றச் செய்தது என்றால், அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலுக்கு முன் பைடன் குரலில் "வாக்களிக்க வராதீர்கள்" என்று போன தொலைபேசி அழைப்புகள். கண்டுபிடித்து அபராதம் போட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸுக்கு வந்த கூட்டம் ஏஐ உண்டாக்கியது, அங்கே யாருமே இல்லை என்று டிரம்ப் எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் நேரில் நின்ற கூட்டம் அது. பொய்யைச் செய்யக்கூட வேண்டாம், உண்மையைப் பொய் என்று சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

#18 நடுக்கடல்

செந்தூரி கடைசியில் சொன்னதுதான் இந்த இழையில் முதலிலேயே வந்திருக்க வேண்டியது. தேர்தலின் வேலை ஜெயித்தவரைத் தேர்ந்தெடுப்பது மட்டும் இல்லை. தோற்றவரும் அவருடைய ஆட்களும் "சரி, தோற்றோம்" என்று வீட்டுக்குப் போகவேண்டும். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் டிரம்ப் ஆட்களும் 2023 ஜனவரி 8 அன்று பிரேசிலியாவில் பொல்சொனாரோ ஆட்களும் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது, அப்படி வீட்டுக்குப் போகாததால். ஒருவரின் வாக்கைச் சமூக ஊடகம் மாற்றுவது கடினம் என்று எண்ணாயிரம் காட்டிவிட்டார். தோற்ற வாக்கைத் திருட்டுப்போன வாக்கு என்று நம்பவைப்பது சுலபம். கேட்பவர் ஏற்கெனவே அதை நம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் நான் பார்ப்பது எண்ணும் இடத்தை. தைவானில் 2024 ஜனவரித் தேர்தல். வாக்குச்சாவடியிலேயே எண்ணிக்கை. அலுவலர் ஒவ்வொரு சீட்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பெயரை உரக்கச் சொல்கிறார், இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுகிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். மோசடி என்று துண்டுக் காணொளிகள் அங்கேயும் வந்தன. உண்மை சரிபார்க்கும் குழுக்கள் உடனுக்குடன் பதில் போட்டன, அந்தப் பேச்சு பெரிதாகாமல் அடங்கியது. பதில் போட அவர்களுக்கு முழுக் காணொளி கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

கென்யாவில் 2022இல் 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவுப் படிவங்களை ஆணையம் அப்படியே இணையத்தில் போட்டது. ஊடகங்களும் தனி ஆட்களும் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள்.

#19 ஒத்தையடி

கென்யாவில் ஏழு ஆணையர்களில் நாலு பேர் முடிவை ஏற்கமாட்டோம் என்று வெளியேறினார்களே, அதை விட்டுவிட்டீர்கள்.

#20 நடுக்கடல்

விடவில்லை, அங்கேதான் வருகிறேன். ஆணையமே இரண்டாக உடைந்த தேர்தல் அது, தோற்ற ஒடிங்கா உச்ச நீதிமன்றம் போனார். படிவங்கள் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தன. மாற்றப்பட்டவை என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய படிவங்களை இணையத்தில் இருந்த படிவத்தோடு ஒப்பிட முடிந்தது. செப்டம்பர் 5 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக முடிவை உறுதி செய்தார்கள். ஒடிங்கா தீர்ப்பில் உடன்பாடில்லை என்றார், ஆனால் மதிக்கிறேன் என்றார்.

#21 மாடிப்படி

எல்லாம் சரி. பிரேசிலின் இயந்திரங்களைத் தணிக்கை செய்கிறார்கள், முடிவு சில மணி நேரத்தில் வருகிறது, ஒவ்வொரு சாவடியின் கணக்கும் வாசலில் ஒட்டப்படுகிறது. அங்கேயும் லட்சக்கணக்கானவர்கள் நம்பவில்லையே. திறந்து வைத்தால் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்பதும் ஆசைதான். காகிதச் சீட்டைத் தூக்கிக் காட்டுவது கண்ணுக்குப் புரிகிறது. இயந்திரத் தணிக்கை நூறு பொறியாளர்களுக்குப் புரிகிறது.

#22 நடுக்கடல்

அது ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். கண்ணுக்குப் புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. இரண்டும் வேண்டும், இரண்டாவது மட்டும் இருந்தால் பிரேசில்.

#23 எண்ணாயிரம்

இன்னொரு சிக்கலையும் போட்டுவிடுகிறேன். நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் எப்படி வந்தன? தளங்கள் தகவலைக் கொடுத்தன. 2023இல் எக்ஸ் ஆராய்ச்சியாளர்களுக்கு இருந்த இலவச வாசலை மூடியது. எந்தப் பதிவு எங்கே பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகையாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தியது, உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் தேர்தல் நடந்த ஆண்டின் நடுவில். ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் கொடுக்கவேண்டும் என்கிறது, மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். அந்த ஒரு சட்டத்தைத்தான் இப்போதைக்கு நம்பியிருக்கிறார்கள். ருமேனியா விவகாரத்தில் டிக்டாக் மீது 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியதும் அதன்படிதான்.

#24 அரைக்கிணறு

அப்படியென்றால் அடுத்த தேர்தலில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது?

#25 எண்ணாயிரம்

ஐரோப்பாவில் நடந்தால் கொஞ்சம் தெரியும். மற்ற இடங்களில் தளங்கள் சொல்வதுதான்.